ஆணி அடிக்காத பெட்டி

“கெம்பஸ் படிக்கிற புள்ளைகளுக்கு இது என்னத்துக்கு?”

போன லீவில் இந்தக் கேள்வியை எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று எங்களுக்கே கணக்கில்லை. குறிஞ்சாக்கேணியில் ஒரு ஓடாவியாரின் கொட்டிலுக்குள், மரத்தூளுக்கு நடுவில், கலைப்பீடத்து மாணவர்கள் ஐந்து பேர் வாளும் உளியுமாகக் குந்தியிருந்தோம். ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிப்பாட்டிக் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டார்கள். ஒரு மாமா கொஞ்சம் நயமாக, “ஏதும் புரொஜெக்டா மகன்?” என்றார். புரொஜெக்ட் என்று சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். போட்டோ எடுத்து, பத்துப் பக்கம் எழுதி, மார்க்ஸ் வாங்குகிற விசயம் என்றால் எந்த அழுக்கையும் எங்கட சனம் மன்னிக்கும். “இல்ல மாமா, பெட்டி செய்யப் பழகுறம்” என்று சொன்னபோதுதான் முகம் மாறியது.

அந்த முகத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறோம். சண்டையில் எங்கட முகமும் இருக்கிறது, அதையும் சொல்லுவோம்.

முதலில் பெட்டி. சுவரில் தொங்கவிடுகிற ஒரு ஆயுதப் பெட்டி. உயரம் இரண்டு அடி, அகலம் ஒன்றரை அடி, ஆழம் ஏழு அங்குலம், முக்கால் அங்குல மகோகனிப் பலகை, கீழே சின்னதாக ரெண்டு லாச்சி. உளிகள், சீவுளி, மூலைமட்டம், வாள் எல்லாம் தன் தன் இடத்தில் நிற்க வேண்டும். எங்கட பக்கத்தில் தச்சுச் சாமானுக்கு ஆயுதம் என்றுதான் பெயர். யுத்த காலத்தில் இந்தச் சொல்லே ஓடாவியாருக்குப் பெரிய கரைச்சலாம். சோதனைச் சாவடியில் “பெட்டிக்குள்ள என்ன?” என்று கேட்டால் வாய் தன்பாட்டில் “ஆயுதம்” என்று சொல்லிவிடுமே என்று, மூதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற நாளெல்லாம் வழிநெடுக “சாமான், சாமான்” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவாராம். அவர் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். நாங்கள் சிரிக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தோம்.

பெட்டியின் நாலு மூலையும் புறாவால் மூட்டு. ஆணி இல்லை, ஸ்குரூ இல்லை. ஒரு பலகையின் நுனியில் புறாவின் வால் போல வெளிப்பக்கம் அகன்று, உள்பக்கம் ஒடுங்கின துண்டுகள். மற்றப் பலகையின் நுனியில் அந்த வால்கள் போய் இருக்கிற மாதிரி முளைகள். ரெண்டையும் ஒரு திசையில் மட்டும்தான் பூட்டலாம். பூட்டினபிறகு வால் உள்ள பலகையை அதன் நீளப்பாட்டுக்கு எவ்வளவு இழுத்தாலும் வராது, ஏனென்றால் அகன்ற பக்கம் ஒடுங்கின வாசலால் வெளியே வர முடியாது. அவ்வளவுதான் தத்துவம். பழைய எகிப்தின் கல்லறைகளுக்குள் இருந்து எடுத்த மரச் சாமான்களிலும் இதே மூட்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருசமாக எவரும் இதைவிடச் சுருக்கமான ஒரு விடையைக் கண்டுபிடிக்கவில்லை.

கேட்கச் சுகமாக இருக்கும். வெட்டிப் பாருங்கள்.

பலகையின் நுனி முதலில் மூலைமட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். அது நேரில்லை என்றால் பிறகு செய்கிற ஒன்றும் நேராகாது. எங்களில் ஒருவருக்கு நுனியைச் சீவி நேராக்கவே ஒரு முழு நாள் போனது. பிறகு மற்றப் பலகையின் தடிப்பு எவ்வளவோ அந்த அளவில் நுனியில் இருந்து உள்ளே ஒரு கோடு. பென்சிலால் இல்லை, கத்தியால். பென்சில் கோட்டுக்குத் தடிப்பு இருக்கிறது, அந்தத் தடிப்புக்குள் பொய் சொல்லலாம். கத்திக் கோட்டுக்குள் உளியின் வாய் போய் உட்காரும். அடுத்தது வாலின் சரிவு. மென்மரம் என்றால் ஆறுக்கு ஒன்று, வன்மரம் என்றால் எட்டுக்கு ஒன்று. சரிவு கூடினால் வாலின் மூலை உடைந்து போகும், குறைந்தால் பிடிப்பு இல்லை. வாள் ஓடவேண்டியது கோட்டில் இல்லை, கோட்டுக்குப் பக்கத்தில், கழிவாகப் போகிற பக்கத்தில். கோடு பலகையிலேயே மிச்சமாக நிற்க வேண்டும். “கோட்டத் திண்டா மூட்டு ஆடும்” என்று ஒவ்வொரு தரமும் ஓடாவியார் சொன்னார். நாங்கள் ஒவ்வொரு தரமும் தின்றோம்.

பிறகு உளி. கழிவை ஒரே பக்கத்தால் அடித்து இறக்கினால் மறுபக்கம் பிய்ந்துவிடும். பாதிவரை இந்தப் பக்கம், திருப்பிப்போட்டு மிச்சப் பாதி அந்தப் பக்கம். வால்களை வெட்டி முடித்தபிறகு அந்தப் பலகையை மற்றதின் நுனியில் நிமிர்த்தி வைத்து, வாலைச் சுற்றிக் கத்தியால் கீறித்தான் முளையைக் குறிக்கவேணும். கவராயம், அடிமட்டம் எதுவும் இந்த இடத்தில் வேலைக்கு ஆகாது. நீ வெட்டின வால் எப்படிக் கோணலோ அதே கோணலுக்குத்தான் முளை வரவேண்டும். எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. ஒரு பலகை தன் பிழையை மற்றதுக்குச் சொல்லிக் கொடுக்கிறது, மற்றது அதை ஏற்றுக்கொண்டால்தான் ரெண்டும் சேரும்.

முதல் மூலைக்கு இரண்டு நாள் பிடித்தது. பூட்டிப் பார்த்தால் இடைவெளிக்குள் சிம் கார்ட் போகும். எங்களில் புத்திசாலி ஒருவர் மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடைவெளிகளை அடைத்தார். காய்ந்தபிறகு உரத்தாளால் தேய்க்க, பார்வைக்குக் குறையே இல்லை. ஓடாவியார் அஸர் தொழுதுவிட்டு வந்தார், பார்த்தார், கொட்டாப்புளியால் உள்பக்கம் ஒரு தட்டு தட்டினார். மூலை ரெண்டாகப் போனது. “கண்ண ஏமாத்தலாம் மகன். இதுக்குள்ள அஞ்சு கிலோ இரும்பு தொங்கப் போகுது. அதயும் ஏமாத்துவியா?” என்று கேட்டுவிட்டுப் பிளேன்டி குடிக்கப் போய்விட்டார்.

அதைவிடப் பெரிய அவமானம் இரண்டாவது வாரம் நடந்தது. அதற்குள் எங்கட மூட்டுகள் ஓரளவு இறுகத் தொடங்கிவிட்டன. பெருமையாக ஒரு முழுச் சட்டத்தைப் பூட்டிக் காட்டினோம். அவர் மூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இது எங்க இரிக்கப் போகுது?” என்று கேட்டார். சுவரில் தொங்கும் என்றோம். “அப்ப பாரம் எந்தப் பக்கம் இழுக்கும்?” கீழே என்றோம். சொன்ன உடனேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. நாங்கள் வால்களை மேல்பலகையிலும் கீழ்ப்பலகையிலும் வெட்டியிருந்தோம். வால் உள்ள பலகை தன் நீளப்பாட்டுக்குத்தான் இழுபடாது. கீழ்ப்பலகையில் வால் இருந்தால், பாரம் அதைக் கீழே இழுக்கிறபோது அது பூட்டின வழியாலேயே கழன்று வரும், பசையை நம்பித்தான் நிற்கவேண்டும். வால்கள் பக்கப் பலகைகளில் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழ்ப்பலகையின் முளைகள் பக்கப் பலகையின் வால்களுக்குள் கொளுவித் தொங்கும். லாச்சிக்கும் இதே கதைதான்: இழுப்பு முன்னுக்கு வருவதால் வால் பக்கப் பலகைகளில் இருக்கும், முளை முன்பலகையில். ஒவ்வொரு மூட்டையும் திறமாக வெட்டி, எந்தப் பாரத்துக்காக வெட்டுகிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். பல்கலைக்கழகக் கல்வி பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நாங்கள் வாசித்ததில்லை.

இனிச் சண்டைக்கு வருவோம்.

இந்த மனிதரைப் பற்றி ஊரில் மரியாதையாகத்தான் பேசுவார்கள். “நல்ல ஓடாவி, கை சுத்தம்.” ஆனால் அதே வாய், ஒரு பிள்ளை சாதாரண தரத்தில் கணிதம் தவறவிட்டால் என்ன சொல்லும்? “படிப்பு ஏறல்ல, மேசனுக்கோ ஓடாவிக்கோ கையாளாப் போடுங்க.” ஒரு தொழிலைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு அந்தத் தொழில் அழியுது என்று கவலைப்படுவது எந்த வகை நியாயம்? ஓடாவியாரின் மகன்மார் ரெண்டு பேர் கட்டாரில். அதில் ஒருவர் ஷட்டரிங் கார்பென்டர், கொங்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கிற வேலை. விசாவில் ‘கார்பென்டர்’ என்று இங்கிலீசில் எழுதியிருப்பதால் கலியாணப் பேச்சில் அதை மறைக்கவேண்டிய தேவை வரவில்லை. வாப்பா செய்கிற வேலையோ அதைவிடப் பல மடங்கு நுட்பமானது. அதைச் சொல்லும்போது மட்டும் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒரே தொழில், கடல் தாண்டினால் மாப்பிள்ளை, ஊரில் நின்றால் ‘பாவம்’.

எங்களில் ரெண்டு பேர் பெண்கள். அவர்களுக்கு வந்த கேள்விகள் வேறு. “கை சொரசொரப்பாப் போயிரும்” என்று அக்கறையாகச் சொன்னார்கள். தும்பு திரித்த கை, வயலில் களை பிடுங்கின கை, நெல் குத்தின கை எல்லாம் இந்த ஊரில் யாருடையது? பெண்ணின் கை சொரசொரப்பாகிறதில் எவருக்கும் பிரச்சினை இருந்ததில்லை. அந்தக் கையில் ஓர் ஆயுதம் இருந்து, அதற்குக் கூலியும் பெயரும் கிடைக்குமோ என்பதில்தான் பிரச்சினை. (கொட்டிலிலேயே கூர்மையான உளி அவர்களுடையதுதான். தீட்டுக்கல்லில் பொறுமையாக நின்றவர்கள் அவர்கள். மிச்சம் மூன்று பேரும் இதை எழுத்தில் ஒத்துக்கொள்கிறோம்.)

இது குறிஞ்சாக்கேணியின் குணம் மட்டும் இல்லை, நாட்டின் குணம். 1971ல் படித்து வேலையில்லாத இளைஞர்கள் ஆயுதம் தூக்கினார்கள், இது வேறு ஆயுதம். அடுத்த வருசமே, 1972 கல்விச் சீர்திருத்தத்தில், தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்றைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார்கள். அந்தந்த ஊரில் நடக்கிற தொழிலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே பழகுவது நோக்கம். மீன்பிடி, தச்சு, மேசன் வேலை, நெசவு. 1977ல் ஆட்சி மாற அதுவும் போனது. ஆட்சி மட்டும்தான் அதைக் கொன்றது என்று சொல்லமாட்டோம். ‘எங்கட புள்ளைய டொக்டராக்க அனுப்பினா நீங்க கட்டை சீவவா விடுறீங்க’ என்ற மனசு அரசாங்கத்துக்கு முந்தியே வேலையைத் தொடங்கியிருந்தது. பிறகு 2013ல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. நல்ல விசயம். ஆனால் பாடசாலைகளில் அதைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? விஞ்ஞானம், கணிதம் கிடைக்காதவர்களின் பிரிவு என்று. கலைப்பிரிவையும் அப்படித்தான் சொன்னார்கள், எங்களுக்கு அந்த வலி தெரியும். தெரிந்தும் நாங்கள் அடுத்த படியில் நிற்கிறவனைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரிக்கிறோம்.

பின்லாந்தில் 1866ல் இருந்து கைவேலை பள்ளிக்கூடத்தில் கட்டாயம். இன்றைக்கும் அங்கே ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளும் மரமும் துணியும் தொட்டுத்தான் மேலே போகிறார்கள். எல்லாரும் தச்சராக வேண்டும் என்பதற்காக இல்லை. ஆனால் பின்லாந்தின் கல்வி என்றவுடன் எங்கட ஆட்கள் மேடையில் சொல்வது ‘அங்கே பரீட்சை குறைவு’ என்பதை மட்டும்தான். பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு உளியை விட்டுவிடுவார்கள்.

இந்த இடத்தில் எங்களோடு தலையாட்டுகிற ஒரு கூட்டம் வரும். அவர்களையும் விடப்போவதில்லை. பாரம்பரியம், மரபு, எங்கட மூதாதையரின் அற்புதம் என்று கண்ணீர் விடுகிறவர்கள். அவர்களுக்குப் பிடித்த கதைகள் எங்களுக்கும் தெரியும். எம்பெக்க தேவாலயத்தின் கூரையில் இருபத்தாறு வளைச் சட்டங்களை ஒரே ஒரு பெரிய மர ஆப்பு சேர்த்துப் பிடித்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டின அன்னபூரணி, பெயர் மாற்றப்பட்டு, வல்வெட்டித்துறைக் கடலோடிகளோடு 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது. எங்கட துறைமுகத்தின் பெயரைச் சுமக்கிற எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற போர்க்கப்பலை 1817ல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் தேக்கில் கட்டினார்கள். இருநூறு வருசம் தாண்டியும் அது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதந்துகொண்டு நிற்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் பெருமை. ஆனால் இதை முகநூலில் பகிர்கிற எத்தனை பேர் தன் பிள்ளையை ஒரு மாதம் ஓடாவியாரிடம் அனுப்புவார்கள்? செத்துப்போன தச்சருக்கு மாலை, உயிரோடு இருக்கிற தச்சரிடம் “ஐநூறு ரூபா குறைங்களேன் காக்கா” என்று பேரம்.

ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் பிறந்த அந்த மனிதர் புவியியல் ஆய்வுக்காக இந்தத் தீவைச் சுற்றி, கடைசியில் கண்டியக் கைவினைஞர்களைப் பற்றி 1908ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தச்சரின் கருவிகளையும் முறைகளையும் பொறுமையாகப் பதிந்தார். அதோடு நிற்காமல் புத்தகத்தை அச்சடிக்கிறதையும் கைவேலையாகவே செய்வித்தார், வில்லியம் மொரிஸ் பாவித்த அதே அச்சியந்திரத்தில். எங்களுக்கு அவரிடம் கருத்து வேறுபாடு நிறைய உண்டு. சாதி ஒழுங்கோடு கட்டிப்போட்ட பழைய கைவினை உலகத்தை அவர் அளவுக்கு மிஞ்சி அழகாகப் பார்த்தார். வாப்பா செய்த தொழிலைத்தான் மகனும் செய்யவேண்டும் என்ற ஏற்பாட்டில் எங்களுக்கு எந்த அழகும் தெரியவில்லை. ஆனால் ஒன்று: அவர் போய் இருந்து பார்த்தார். எந்தக் கருவி எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று எழுதினார். எங்கட ஊர் ஓடாவிமாருக்கு அப்படி ஒரு பக்கத்தைக்கூட எங்கட கலைப்பீடம் எழுதித் தரவில்லை. வாலும் முளையும் என்று ஓடாவியார் சொல்கிற சொற்கள், வலது கைக்காரரும் இடது கைக்காரரும் வாள் தொடங்குகிற இடத்துக்கு அவர் வைத்திருக்கிற பெயர்கள், மரத்தின் ஓட்டத்தை விரலால் தடவிப் பார்த்துச் சொல்கிற சொற்கள் எல்லாம் அவரோடு போய்விடும். தமிழ் சிறப்புப் பாடம் படிக்கிறவர்கள் நாங்கள். கலைச்சொல்லாக்கம் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். கலைச்சொல் இருக்கிற இடத்துக்கு எவரும் எங்களைக் கூட்டிப்போகவில்லை.

மூன்றாவது கூட்டம் மெஷின் கூட்டம். “ரவுட்டரும் அச்சும் வாங்கினா ரெண்டு நிமிசத்தில மூட்டு வெட்டும், நீங்க ஏன் ரெண்டு நாள் மினக்கெடுறீங்க?” இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதத்துக்கு நாற்பது லாச்சி செய்து வயிறு கழுவுகிறவரிடம் போய் கையால் வெட்டு என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கும். ஓடாவியாரே நல்ல ரவுட்டர் ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அவர் அதைக் குறைசொல்வதும் தொழில்காரனாகத்தான்: ரவுட்டரின் அலகுக்கு ஒரு தண்டு இருக்கிறது, அந்தத் தண்டின் தடிப்பைவிட ஒடுக்கமான முளையை அது தரமுடியாது. கையால் நினைத்த அளவுக்கு ஒடுக்கலாம். ஆனால் எங்கட வழக்கு அது இல்லை. மெஷின் வாங்கினவர் வால் எந்தப் பலகையில் வரவேணும் என்று தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா? தெரியாவிட்டால் ரெண்டு நாளில் செய்கிற பிழையை ரெண்டு நிமிசத்தில் செய்வார்.

உண்மையில் கையால் செய்கிற வேலைக்கு எதிரி மெஷின் இல்லை, சிப்போர்ட். எங்கட வீடுகளில் பாருங்கள். கலியாணத்துக்குத் தவணைக்கு எடுத்த அலுமாரி, வெளியில் பளபளவென்று தேக்குப் படம் ஒட்டின தாள், உள்ளே அழுத்தின மரத்தூள். மாரி வெள்ளம் ஒரு தரம் கால் நனைத்தால் அடிப்பக்கம் பாண் மாதிரி ஊதும். உப்புக்காற்றில் ஸ்குரூ துருப்பிடிக்கும், துருப்பிடித்த ஸ்குரூ பிடித்திருப்பதோ தூளை. பலகை மழைக்கு ஊதி வெயிலுக்கு ஒடுங்கும். புறாவால் மூட்டில் ரெண்டு பலகையின் நாரும் பெட்டியைச் சுற்றி ஒரே ஓட்டத்தில் ஓடுவதால் ரெண்டும் சேர்ந்து ஊதும், சேர்ந்து ஒடுங்கும், மூலை வெடிக்காது. இதைத் தெரிந்த ஒரு உம்மா கடைக்காரனிடம் லாச்சியை இழுத்து, பக்கத்தைப் பார்த்து, “இது என்னத்தால பிடிச்சிரிக்கி?” என்று கேட்டால் கடைக்காரன் என்ன செய்வான்? அந்தக் கேள்வி கேட்கத் தெரியாதவர்களாக நாங்கள் எல்லாரும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். பட்டம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரு பொருளின் மூலையைப் பார்த்து இது நிற்குமா விழுமா என்று சொல்லத் தெரியாது.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் ரெண்டு நாள் சண்டை. ஒரு பெட்டியின் மூட்டைப் பற்றிப் பேசுகிற கட்டுரைக்குள் அந்தக் காலையைக் கொண்டுவருவது மரியாதையா என்று ஒருவர் கேட்டார். குறிஞ்சாக்கேணியில் இருந்துகொண்டு ‘இது தாங்குமா’ என்ற கேள்வியைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போவது மரியாதையா என்று இன்னொருவர் கேட்டார். எழுதுகிறோம், சுருக்கமாக. 2021 நவம்பர் 23. பழைய பாலம் இல்லை, புதுப் பாலம் முடியவில்லை. தண்ணீரைக் கடக்கச் சனத்துக்கு இருந்தது ஒரு படகுப் பாதை. அதில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்தக் காலையில் அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் மௌத்தானார்கள், அதில் கூடுதலானோர் பிள்ளைகள். ஊர் கொதித்தது, வீதிகளை மறித்தது. யார் அனுமதித்தார்கள், யார் கையெழுத்து வைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு உரிய இடம் நீதிமன்றம். அதைவிட்டு எல்லாப் பழியையும் எங்கட தலையில் நாங்களே போடுகிறோம் என்று எவரும் நினைக்கவேண்டாம். ஆனால் படகும் வள்ளமும் கட்டுகிற கைகள் உள்ள ஒரு ஊரில், ஓடாவி என்ற ஒரே சொல் தச்சரையும் படகு கட்டுகிறவரையும் சேர்த்துக் குறிக்கிற ஒரு ஊரில், எத்தனை பேரை ஏற்றலாம், பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் கரையிலேயே இருந்தார்கள். அவர்களின் சொல்லுக்கு எந்தக் கந்தோரிலும் ஒரு கதிரை இல்லை. கதிரை செய்கிறவர்கள் அவர்கள்தான், உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இனி எங்கட முகம். இரண்டாம் வருசத்தில் ‘உழைப்பில் இருந்து அந்நியமாதல்’ பற்றி எங்கள் ஐந்து பேருக்கும் ஒப்படை தந்தார்கள். நாலு பேருக்கு நல்ல புள்ளி. அந்த நாலு பேரில் ஒருவர்கூட அதுவரை ஒரு கதவுப் பிணைச்சலைக் கழற்றிப் பூட்டினதில்லை. அந்நியமாகிறதற்குக்கூட முதலில் ஒரு உழைப்பு வேணும். எங்களிடம் அது இருக்கவில்லை. வேலையில்லாப் பட்டதாரிகளின் போராட்டக் கூடாரத்தில் போய் இருந்திருக்கிறோம், அந்தக் கோரிக்கை நியாயமானது, இனியும் போவோம். ஆனால் எங்கட அக்காமார், காக்காமார் பட்டதாரிப் பயிலுனராகப் போய், இருக்கக் கதிரை இல்லாமல் ஒரு கந்தோரின் தாழ்வாரத்தில் வருசக்கணக்காக நின்ற கதையும் எங்களுக்குத் தெரியும். அந்தத் தாழ்வாரத்தை மரியாதை என்றும் இந்தக் கொட்டிலை மரியாதைக் குறைவு என்றும் யார் எங்களுக்குச் சொல்லித் தந்தது?

அதனால் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இந்த நாட்டில் தேசிய தொழிற்றகைமை என்று ஏழு படி உள்ள ஒரு முறை இருக்கிறது. பாடசாலைச் சான்றிதழ் இல்லாத தொழில்காரரும் முன்னமே பழகின திறமையைக் காட்டி அதில் தகைமை பெறலாம். அந்த மதிப்பீட்டாளர் கொட்டிலுக்கு வரட்டும், தமிழில் கேட்கட்டும், கடுதாசியைப் பிறகு நிரப்பட்டும். கலைப்பீடம் வருகை விரிவுரையாளருக்குக் கொடுக்கிற மணித்தியாலக் காசை ஒரு பருவத்துக்கு ஒரு ஓடாவியாருக்குக் கொடுக்கட்டும். நாட்டாரியலும் மொழியியலும் மானிடவியலும் படிக்கிறவர்களை அவருக்குக் கீழே இருத்தட்டும். கட்டுரைக்குப் பதிலாக ஒரு மூலையை வெட்டிக் கொண்டுவரச் சொல்லட்டும். இடைவெளிக்குள் சிம் கார்ட் போனால் புள்ளி இல்லை. “அவரிட்டப் பட்டம் இல்லையே” என்று சபையில் எவராவது எழும்பினால், அவரையே முதல் தொகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் சிரிப்பார்கள் என்று தெரியும். பரவாயில்லை, கொட்டிலில் ரெண்டு மாதம் சிரிப்புக் கேட்டுப் பழகிவிட்டோம்.

நாலாவது மூலையை மூன்று மணித்தியாலத்தில் வெட்டினோம். ஓடாவியாருக்கு முக்கால் மணித்தியாலம் போதும். பூட்டுகிறபோது கொட்டாப்புளிச் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வந்தது, கடைசி அடியில் கல்லில் தட்டின மாதிரி நின்றது. அவர் விளக்கைப் பிடித்து உள்மூலையைப் பார்த்தார். ஒரு வாலின் பக்கத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. அடைக்கவா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெட்டி இப்போது அவரின் கொட்டிலில், அவருடைய பழைய பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. லாச்சி ரெண்டும் இன்னும் இல்லை. அதற்கு முன்பலகையில் வெளியே தெரியாத மாதிரி அரைவாசித் தடிப்பில்தான் மூட்டு வெட்டவேண்டுமாம், உளியைச் சாய்த்துப் பிடிக்கிற முறையே வேறாம். அடுத்த லீவுக்கு வரச்சொல்லியிருக்கிறார். வரும்போது அரை அங்குல உளியைத் தீட்டிக்கொண்டு வரவேணும் என்பது உத்தரவு. போன தரம் கொடுத்துவிட்டு வந்ததின் வாய் மழுங்கல் என்று போனில் ஏச்சு.